கிளை வாய்க்கா ஓரத்து வீட்டுத் தோட்டங்களும் கடைமடை நெல்லும்: ஒரு நிகழ்வு ஆய்வு

இது கிருஷ்ணகிரி மாவட்டத்துல, கே.ஆர்.பி. (கிருஷ்ணகிரி நீர்த்தேக்கத் திட்டம்) அணை பாசனத்துல வர்ற ஒரு கிளை வாய்க்கா ஓரத்துல ரெண்டாம் போகம் சமயத்துல நடந்தது. ஊர் பேரு, ஆளுங்க பேரு எதுவும் போடல, ஏன்னா சம்பந்தப்பட்டவங்க எல்லாரும் இன்னும் அங்கதான் பக்கத்துல பக்கத்துல இருக்காங்க. நான் இந்தப் பக்கம் தோட்டங்களுக்கு சொட்டுநீர் பைப்பு போட்டுக் குடுக்குற வேலை பண்றவன், புகார் பண்ணவங்களும் புகாருக்கு ஆளானவங்களும் ரெண்டு பேருமே எனக்குத் தெரிஞ்சவங்க, அதனாலதான் அளந்து பாக்கச் சொல்லி என்னைக் கூப்ட்டாங்க. இதே மாதிரி வாய்க்கா ஓரத்துல வீடு கட்டிக்கிட்டு தோட்டம் போடுறவங்க இப்ப நெறைய ஆயிட்டாங்க, அவங்களுக்கும் பாசன சங்கத்துக்காரங்களுக்கும் உபயோகமா இருக்கட்டும்னு நடந்தத வரிசையா எழுதறேன்.

இடமும் பின்னணியும்

கே.ஆர்.பி. அணை காமராஜர் முதலமைச்சரா இருந்த காலத்துல தென்பெண்ணை மேல கட்டினது. இடதுபுறக் கால்வா, வலதுபுறக் கால்வான்னு ரெண்டு பக்கமும் போயி சுமார் 9,000 ஏக்கர் பாயுது. தென்பெண்ணை நந்தி மலையில கிளம்பி பெங்களூர் பக்கத்தத் தொட்டுக்கிட்டு ஓசூர் கெலவரப்பள்ளி அணைக்கு வந்து அப்புறம்தான் நம்ம அணைக்கு வருது, இந்த விஷயம் பின்னாடி வரும், ஞாபகம் வெச்சுக்கங்க.

நான் சொல்ற கிளை வாய்க்கா 40 ஏக்கருக்குக் கொஞ்சம் கூட பாயுது. சிமெண்ட் போட்ட சின்ன வாய்க்காதான், உள் அகலம் ரெண்டடி. அது பாதி தூரம் போனதும் ஒரு லேஅவுட் வருது. முன்னாடி அதுவும் நெல்லு வயல்தான், பத்துப் பன்னண்டு வருஷம் முன்னாடி பிளாட் போட்டு வித்துட்டாங்க. வாய்க்காக்கு மேட்டுப் பக்கம் கொஞ்சம் வீடு, பள்ளத்துப் பக்கம் கொஞ்சம் வீடு. லேஅவுட் தாண்டினா கடைமடை, அதாவது தண்ணி கடைசியா போய்ச் சேர்ற வயலுங்க, ஒரு 15 ஏக்கர், எல்லாம் ஒரு ஏக்கர் ரெண்டு ஏக்கர் வெச்சிருக்கிற சின்ன விவசாயிங்க.

வீட்டுக்காரங்க யாரும் கெட்ட எண்ணத்துல ஆரம்பிச்சவங்க இல்ல. எல்லார் வீட்லயும் மூணு சென்ட் நாலு சென்ட் காலி எடம், அவரை, கத்திரி, கீரை, ரோஜா, ரெண்டு தென்னை, ஒரு பெங்களூரா மாங்கன்னு. போர் போட்டிருக்காங்க, ஆனா போர் தண்ணி உப்பு. நான் தண்ணியில உப்பு எவ்ளோன்னு காட்டற ஈ.சி. மீட்டர் வெச்சுப் பாத்தப்ப ஒரு வீட்டு போர்ல 2.4 வந்துச்சு, வாய்க்கா தண்ணியில 0.9. போர் தண்ணி ஊத்துனா அவரை இலை நுனியெல்லாம் கருகுது, ரோஜா மொட்டு வைக்கவே மாட்டேங்குது, வாய்க்கா தண்ணி ஊத்துனா ரெண்டே வாரத்துல செடி தழைஞ்சு நிக்குது. கண்ணு முன்னாடி சுவத்த ஒட்டி ஓடுற தண்ணி. மொதல்ல ஒரு வீட்ல குடத்துல மொண்டாங்க, அப்புறம் ஒருத்தர் அரை ஹெச்.பி. மோட்டார் போட்டார், அடுத்த வருஷம் பக்கத்து வீடு, அப்டியே பரவிடுச்சு.

புகார் வந்த விதம்

மார்ச் மாசம் நெல்லு கதிர் வாங்குற சமயம். அந்த நேரத்துல வயல் காஞ்சா எல்லாம் மணி புடிக்காம சாவியா, பதரா போயிடும்னு நெல்லு வெச்சவங்க எல்லாருக்கும் தெரியும். கடைமடையில ரெண்டு ஏக்கர் வெச்சிருக்கிற ஒரு அக்கா, புருஷன் இல்லாதவங்க, தன்னோட முறை (அவங்க வயலுக்குத் தண்ணி விடற நாள்) அன்னைக்கி ராத்திரி முழுக்க டார்ச் வெச்சுக்கிட்டு மடையில ஒக்காந்திருக்காங்க, தண்ணி கணுக்கால் நனையற அளவுக்குக்கூட வரல. விடிஞ்சதும் வாய்க்கா மேலயே நடந்து வந்து பாத்தா லேஅவுட்ல ஒவ்வொரு வீட்டு மோட்டாரும் ஓடற சத்தம். ஒரு வீட்டு மோட்டார் பைப்போட அடிமுனையில தண்ணிக்குள்ள இருக்கற ஃபுட் வால்வ புடுங்கி எறிஞ்சிட்டாங்க, அந்த வீட்டுக்காரர் ரிட்டையர் ஆனவரு, வெளிய வந்து சத்தம் போட, வாய்த்தகராறு முத்தி போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் போற மாதிரி ஆயிடுச்சு.

பாசன சங்கத் தலைவர்தான் நடுவுல நின்னு, "ஸ்டேஷனுக்குப் போனா ரெண்டு பக்கமும் அலையணும், நெல்லுக்கு இன்னும் மூணு வாரம் தண்ணி வேணும், மொதல்ல தண்ணி எங்க போவுதுன்னு பாப்போம்"னு சொன்னார். அந்த ஒரு பேச்சுதான் எல்லாத்தையும் மாத்துச்சுன்னு இப்பவும் நெனைக்கிறேன், ஏன்னா அதுக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் யாரு திருடன்னு பேசிக்கிட்டிருந்தாங்களே தவிர எவ்ளோ தண்ணின்னு ஒருத்தரும் பேசல.

மொத நாள் பாத்தது

அளக்கறதுக்காகத்தான் போனோம், ஆனா கரையில கால் வெச்சதும் வேற ஒண்ணு கண்ல பட்டுச்சு. மேட்டுப் பக்கத்து வீடு ஒண்ணுல இருந்து கரண்டு ஒயர் காம்பவுண்டு மேல வந்து, புல்லுக்குள்ள படுத்து, வாய்க்கா ஓரத்து மோட்டாருக்குப் போவுது. நடுவுல ஒரு ஜாயின்ட். கருப்பு டேப் சுத்தியிருக்கு, டேப்போட பசை வெயில்ல உருகி ஒரு முனை பிரிஞ்சு சுருண்டு நிக்குது, உள்ள செம்பு தெரியுது, அதுக்கு ஒரு சாண் பக்கத்துல வாய்க்கா தண்ணி கசிஞ்சு மண்ணு சொதசொதன்னு கெடக்கு. அந்தக் கரைமேலதான் பசங்க ஸ்கூலுக்குப் போறாங்க, ஆடு மேயுது.

அளக்கறத நிறுத்திட்டு எல்லா மோட்டார் ஒயரையும் பாத்தோம். இதே மாதிரி இன்னும் ரெண்டு எடத்துல இருந்துச்சு. எந்த வீட்லயும் ஆர்.சி.சி.பி. கெடையாது. கசியற கரண்ட உணர்ந்து உடனே அத்துவிடற சுவிட்சு அது, 30 மில்லி ஆம்பியர்ல விழற மாதிரி வாங்கணும், ஈரத்துல மோட்டார் ஓட்ற எடத்துல அது இல்லாம ஓட்டவே கூடாது. தண்ணி யாருக்குன்னு பின்னாடி பேசிக்கலாம், ஒயர் இன்னைக்கே வெளிய வரணும்னு சங்கத் தலைவர் சொல்லி, சாயங்காலத்துக்குள்ள அந்த மூணு ஒயரையும் வீட்டுக்காரங்களே சுருட்டி எடுத்துட்டாங்க. இதுக்கு யாரும் மல்லுக்கட்டல, சண்டை போட்ட அந்த ரிட்டையர் ஆனவர்தான் மொதல்ல எடுத்தார்.

அடுத்தது கரை. நாலஞ்சு எடத்துல சிமெண்ட் பலகைய ஒடைச்சு, கரைய வெட்டி, ரெண்டு இஞ்ச் பைப்ப உள்ள விட்டு மண்ணப் போட்டு மூடியிருக்காங்க. வெட்டிப் போட்ட மண்ணு பழைய கரை மண்ணு மாதிரி இறுகாது. பைப்ப ஒட்டியே தண்ணி நூலாட்டம் கசிய ஆரம்பிக்கும், கூட நண்டு வளை போட்டுச்சுன்னா ஒரு ராத்திரியில கரை ஒடைச்சுக்கும். ஒரு எடத்துல வெளிப்பக்கம் கை வெச்சா மண்ணு ஊறி நொறுங்குச்சு, நேரா கீழ ஒரு வீட்டோட சமையல்கட்டு.

அளந்தது

கிளை வாய்க்காவுல அளக்கற கருவி எதுவும் இல்ல. நேரா ஓடற எடத்துல 10 மீட்டர் டேப் புடிச்சு ரெண்டு முனையிலயும் கோடு போட்டோம், மேல் கோட்டுல ஒரு எலுமிச்சம்பழத்தப் போட்டு கீழ் கோட்டுக்கு வர்ற நேரத்த போன்ல பாத்தோம். எலுமிச்சம்பழம் முக்காவாசி முழுகி மெதக்கும், அதனால காத்து தள்ளாது, தெர்மாகோல் போட்டா காத்துல ஓடிரும். மேல்மட்டத்துல தண்ணி வேகமாவும் அடியில மெதுவாவும் ஓடும்ங்கறதால வர்ற வேகத்த 0.8 ஆல பெருக்கணும். அகலம், ஆழம், வேகம் மூணையும் பெருக்குனா செகண்டுக்கு எவ்ளோன்னு வந்துடும்.

லேஅவுட்டுக்கு மேல: அகலம் 60 சென்டிமீட்டர், ஆழம் 15, பழம் 10 மீட்டர் வர 33 செகண்டு. கணக்குப் போட்டா செகண்டுக்கு சுமார் 22 லிட்டர்.

லேஅவுட் முடியற எடத்துல சாயங்காலம் ஆறு மணிக்கு: ஆழம் 8, நேரம் 40 செகண்டு. செகண்டுக்கு 9.6 லிட்டர். பாதிக்கு மேல காணோம். கடைமடைக்காரங்க கூட நின்னாங்க, "பாத்தீங்களா சார், நாங்க சொன்னா நம்பல"ன்னு சொன்னாங்க, அதுல எனக்கு எந்த சந்தேகமும் இல்ல.

ஆனா ராத்திரி பதினோரு மணிக்கு, எல்லா மோட்டாரும் நின்ன பிறகு மறுபடி அளந்தோம். எல்லாரும் 22 கிட்ட வரும்னு நெனைச்சாங்க. ஆழம் 11.5, நேரம் 36 செகண்டு, வந்தது 15 லிட்டர். மோட்டார் ஒண்ணும் ஓடல, அப்பவும் 7 லிட்டர் காணோம். சிமெண்ட் வெடிப்புல கசியறது ஒண்ணு ஒண்ணரை லிட்டர் இருக்கும்னு வெச்சாக்கூட மீதி எங்க போச்சு?

டார்ச் அடிச்சு பள்ளத்துப் பக்கம் நடந்து பாத்தப்பதான் தெரிஞ்சது. பச்சை ஹோஸ் பைப்பு. ஒரு முனைய வாய்க்காவுல கல்லு கட்டிப் போட்டிருக்கு, கரை மேல ஏறி அந்தப் பக்கம் காம்பவுண்டு ஓட்டை வழியா தோட்டத்துக்குள்ள போவுது. பள்ளத்து வீடுங்க வாய்க்காவ விட நாலஞ்சு அடி தாழ்வு, ஒருதடவை வாயால உறிஞ்சி விட்டா போதும், தண்ணி அது பாட்டுக்கு ஏறி எறங்கி போய்க்கிட்டே இருக்கும். மோட்டார் வேணாம், கரண்டு வேணாம், சத்தமும் வராது. எண்ணிப் பாத்ததுல மேட்டுப் பக்கம் மோட்டார் 9, பள்ளத்துப் பக்கம் ஹோஸ் 11.

மறுநாள் வீட்டுக்காரங்கள வெச்சே பக்கெட் வெச்சு அளந்தோம். 15 லிட்டர் பக்கெட் அரை ஹெச்.பி. மோட்டார்ல 22 செகண்டுல நெறைஞ்சது, ஒரு இஞ்ச் ஹோஸ்ல 30 செகண்டு. அதாவது மோட்டார் செகண்டுக்கு 0.68 லிட்டர், ஹோஸ் அரை லிட்டர். ஒண்ணோட ஒண்ணு வெச்சுப் பாத்தா மோட்டார்தான் அதிகம். ஆனா மோட்டார் கரண்டு பில்லுக்குப் பயந்து நாளைக்கு அஞ்சு மணி நேரம் ஓடும், ஹோஸ் 24 மணி நேரமும் ஓடும். 9 மோட்டாரும் சேந்து ஒரு நாளைக்கு சுமார் 1,10,000 லிட்டர். 11 ஹோஸும் சேந்து 4,75,000 லிட்டர். நெல்லுக்கு ஒரு நாளைக்கு 10 மில்லிமீட்டர் தண்ணின்னு வெச்சா ஏக்கருக்கு 40,000 லிட்டர் வருது, அப்ப ஹோஸ் மட்டும் எடுக்கறது கிட்டத்தட்ட 12 ஏக்கர் நெல்லோட ஒரு நாள் தண்ணி. கடைமடையே 15 ஏக்கர்தான்.

சண்டை முழுக்க மோட்டார் மேலதான் நடந்தது, சத்தம் அங்கதான் கேட்டுச்சு. அளக்காம விட்டிருந்தா 9 மோட்டாரத் தூக்கிட்டு பிரச்சினை தீந்துச்சுன்னு போயிருப்பாங்க, கடைமடைக்கு அப்பவும் தண்ணி வந்திருக்காது.

தோட்டத்துக்கு நெஜமா எவ்ளோ வேணும்

பள்ளத்துப் பக்கம் ஒரு டீச்சரம்மா வீடு. அவங்க தோட்டம்தான் அந்தத் தெருவுலயே நல்ல தோட்டம், பந்தல்ல அவரை, பாத்தியில தண்டுக்கீரை, வாசல்ல ரோஜா. அவங்க வீட்லயும் ஹோஸ் இருந்துச்சு. நான் கணக்கு சொன்னதும் அவங்களே நோட்டு எடுத்துட்டு வந்தாங்க. காய்கறிக்கு நம்ம வெயிலுக்கு ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் தண்ணி, ஒரு சென்ட் 40 சதுர மீட்டர், அப்ப சென்ட்டுக்கு 200 லிட்டர். மூணு சென்ட் தோட்டத்துக்கு 600 லிட்டர். அவங்க ஹோஸ்ல ஒரு நாளைக்கு வந்தது 43,000 லிட்டர்.

"அப்ப மீதி எங்க சார் போவுது"ன்னு கேட்டாங்க. தோட்டத்துக்குப் பின்னாடி காலி பிளாட்டுக்குக் கூட்டிட்டுப் போய் காட்டுனேன். முழங்கால் ஒசரம் கோரை, அடியில தண்ணி தேங்கி பாசி புடிச்சு, தட்டுனா கொசு கெளம்புது. தெருவுல எல்லாரும் கொசுன்னு பஞ்சாயத்துக்கு மனு குடுத்துக்கிட்டு இருந்தாங்க, அந்தக் கொசு வளந்தது இந்தத் தண்ணியிலதான். அவங்க அவரையிலயும் ரெண்டு பந்தல் வேர் அழுகி மஞ்சளாத்தான் இருந்துச்சு, அது தண்ணி பத்தாமன்னு நெனைச்சுக்கிட்டு இருந்திருக்காங்க.

இருபது வீட்டுக்கும் சேத்து, தென்னை ஒண்ணுக்கு 60 லிட்டர் வெச்சு, மொத்தமா கணக்குப் போட்டோம். ஒரு நாளைக்கு சுமார் 15,000 லிட்டர். வாய்க்காவுல 22 லிட்டர் ஓடறப்ப அது பன்னண்டு நிமிஷத் தண்ணிகூட இல்ல. எடுத்தது 5,85,000. இந்த ரெண்டு நம்பரையும் டீச்சரம்மா ஒரு சார்ட்டுல பெருசா எழுதி கூட்டத்துக்குக் கொண்டு வந்தாங்க.

கூட்டத்துல நடந்த பேச்சு

கூட்டம் லேஅவுட் பிள்ளையார் கோயில் முன்னாடி. கடைமடைக்காரங்க, வீட்டுக்காரங்க, பாசனப் பிரிவு ஆபீசர், வாய்க்காவுல தண்ணி தொறந்து மூடற லஸ்கர், பஞ்சாயத்து வார்டு மெம்பர் எல்லாரும் வந்தாங்க. மூணு வாதம் வந்துச்சு, மூணுமே வேற ஊர்லயும் வரக்கூடியதுதான்.

ஒண்ணு, "ஓடற தண்ணி எல்லாருக்கும் பொது, கரையோரத்துல இருக்கறவனுக்கு உரிமை இருக்கு." இதுல பாதி சரி. 1882ஆம் வருஷத்து வசதியுரிமைச் சட்டத்துல இயற்கையா ஓடற ஓடை, ஆறு இதுக்குக் கரையோர நிலத்துக்காரர் குடிக்க, வீட்டு உபயோகத்துக்கு, மாட்டுக்குத் தண்ணி எடுக்கலாம், தன் நிலத்துக்குப் பாய்ச்சவும் செய்யலாம், ஆனா பாய்ச்சறதால கீழ இருக்கற மத்த கரையோரக்காரங்களுக்குக் குறிப்பிடத்தக்க கெடுதல் வரக்கூடாதுன்னு இருக்கு. அது இயற்கையான ஓடைக்கு. வாய்க்கா கவர்மென்ட் வெட்டுனது, அதுல ஓடற ஒவ்வொரு சொட்டும் ஆயக்கட்டு நிலத்துக்கு, அதாவது அணைப் பாசனத்துல சேந்த வயலுக்கு, கணக்கு வெச்சு அணையில இருந்து தொறந்து விட்டது. இதே லேஅவுட்டுக்குப் பின்பக்கம் ஒரு ஓடை இருக்கு, அதுல எடுத்திருந்தா பேச்சே வேற.

ரெண்டாவது வாதம்தான் கஷ்டமானது. அந்த ரிட்டையர் ஆனவர் சொன்னார்: "இந்த எடமே ஆயக்கட்டு நஞ்சைதான், இதுக்குன்னு தண்ணிப் பங்கு இருந்துச்சு, எடத்த நாங்க காசு குடுத்து வாங்குனோம், பங்கு மட்டும் எங்க போச்சு?" கூட்டம் கொஞ்ச நேரம் அமைதியாயிடுச்சு, ஏன்னா வீட்டுக்காரங்கள்ல சிலர் இதே வயலோட பழைய சொந்தக்காரங்க வீட்டுப் புள்ளைங்க. ஆபீசர் பொறுமையா பதில் சொன்னார். பாசனத்துக்குன்னு இருக்கற தண்ணி பயிர் வைக்கிற நிலத்துக்கு, மனையா மாறின நிலம் பாசனக் கணக்குல இருந்து போயிடுது, பாசன சங்கத்துல ஓட்டும் இருக்காது, முறையும் இருக்காது, வீட்டுத் தோட்டத்துக்குன்னு எழுத்துல எந்த அனுமதியும் என்னால குடுக்க முடியாதுன்னார். எனக்கு அதுக்கு மேல ஒண்ணு தோணுச்சு, அங்கயே சொன்னேன்: வயலா இருந்தப்பகூட அந்த எடத்துக்கு முறை அன்னைக்குதான் தண்ணி, முறை முடிஞ்சா மடைய அடைச்சிடுவாங்க, 24 மணி நேரமும் பாயற பங்கு யாருக்கும் எப்பவும் இருந்ததில்ல.

மூணாவது, "என் ஒரு ஹோஸால என்ன கொறைஞ்சிடப் போவுது." இதுக்கு யாரும் பதில் சொல்லல. டீச்சரம்மா அந்த சார்ட்ட எல்லாரும் பாக்கற மாதிரி கோயில் தூண்ல ஒட்டுனாங்க. அப்புறம் கடைமடை அக்கா எழுந்து, கையில கொண்டு வந்த ரெண்டு கதிர உரிச்சுக் காமிச்சாங்க, ஒண்ணுல பால் புடிச்சிருந்துச்சு, இன்னொண்ணு வெள்ளையா, அமுக்குனா காத்து. ஃபுட் வால்வ புடுங்கினதுக்கு அதே எடத்துல வருத்தமும் சொன்னாங்க. அந்த ரிட்டையர் ஆனவர் "விடுமா, ஆகட்டும்"னு சொன்னார்.

எடுத்த முடிவும் அதுக்குக் காரணமும்

மோட்டார், ஹோஸ் ரெண்டும் அன்னைக்கே வெளிய. காலையில அரை மணி நேரம் மட்டும் எடுத்துக்கலாம்னு ஒரு யோசனை வந்துச்சு, கணக்குப்படி பாத்தா அது போதும். ஆனாலும் வேணாம்னு முடிவு பண்ணோம். அரை மணி நேரத்த யாரு பாத்துக்கறது? லஸ்கர் ஒரு ஆளு பல கிளைய பாக்கறாரு. ஒரு ஹோஸ் உள்ள கெடந்தா ராத்திரி அது ஓடாதுன்னு யாரு சொல்ல முடியும். சட்டப்படியும் ஆபீசர் ஒத்துக்க முடியாத விஷயம்.

கரைக்குள்ள பொதைச்ச பைப்ப மட்டும் உடனே புடுங்கக் கூடாதுன்னு சொன்னோம். தண்ணி ஓடறப்ப கரையக் கொத்துனா அங்கயே ஒடைஞ்சுக்கும். அதனால மூடி போட்டு சொல்யூஷன் வெச்சு அடைச்சிட்டு, ஊறிப்போன அந்த ஒரு எடத்துக்கு வெளிப்பக்கம் மணல் மூட்டை அடுக்கி, போகம் முடிஞ்சு ஷட்டர் மூடின பிறகு புடுங்கி, களிமண்ண அடுக்கடுக்கா போட்டுத் திமிசு வெச்சு இடிச்சு, மேல சிமெண்ட் பூசறதுன்னு முடிவு.

தோட்டம் காயக் கூடாது, அதுலயும் எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க, கடைமடைக்காரங்களும்தான். வேற தண்ணிக்கு என்ன வழின்னு பாத்தோம். குழாயில வர்ற ஒகேனக்கல் தண்ணிய சிலர் சொன்னாங்க, அத அப்பவே வேணாம்னுட்டோம். கிருஷ்ணகிரி, தர்மபுரி ரெண்டு மாவட்டத்துலயும் நிலத்தடித் தண்ணியில ஃபுளோரைடு அதிகம், பல்லு கறை புடிச்சு எலும்பு வளைஞ்ச ஜனங்கள நம்ம ஊர்கள்ல பாத்திருக்கோம், அதுக்காக கொண்டு வந்த குடிதண்ணி அது, செடிக்கு ஊத்தறது தப்பு.

பின்பக்க ஓடை மார்ச்ல கிட்டத்தட்ட காஞ்சு கெடந்துச்சு, வர்ற கொஞ்சமும் ஊர் சாக்கடை கலந்தது. அப்பதான் வார்டு மெம்பர் பழைய கிணத்த ஞாபகப்படுத்துனார். லேஅவுட்டுக்குப் பூங்கான்னு ஒதுக்குன எடத்துல, வயல் காலத்துக் கல்லுக் கட்டுக் கிணறு ஒண்ணு, 40 அடி, குப்பை போட்டு பாதி மூடியிருந்துச்சு. அத மூடி மட்டம் பண்ணிடலாம்னு தெருவுல பேச்சு இருந்திருக்கு. இறங்கிப் பாத்தா 15 அடியிலயே தண்ணி. வாய்க்கா ஊறல்தான் அது, அதனால இதுவும் ஒரு வகையில வாய்க்கா தண்ணின்னு ஒரு விவசாயி கேட்டது நியாயமான கேள்வி. ஆனா கசிஞ்சு போனது மறுபடி வாய்க்காவுக்கு ஏறாது, 15,000 லிட்டருக்கு மேல எடுக்கக் கூடாதுன்னு வரம்பும் வெச்சோம், அவரும் சரின்னார்.

தண்ணி எந்தச் செடிக்கு எப்டிங்கறதும் பேசுனோம். கெலவரப்பள்ளியில மழைக்கு ஷட்டர் தொறந்தா நுரை மலை மாதிரி பொங்கறத எல்லாரும் டிவியில பாத்ததுதான், பெங்களூர் கழிவு தென்பெண்ணையில கலந்து வருது. அந்தத் தண்ணிய ஹோஸ்ல புடிச்சு கீரை மேல, கொத்தமல்லி மேல பீய்ச்சிட்டு அன்னைக்கே பறிச்சு சாப்டறாங்க. நேரா இலையில படற மாதிரி ஊத்தாதீங்க, வேர்ல விடுங்க, பச்சையா சாப்டற எதுக்கும் இந்தத் தண்ணிய வெச்சுக்காதீங்கன்னு சொன்னேன். சொட்டுநீர் போடறது என் தொழில், அதனால நான் சொல்றத மட்டும் நம்பாம தோட்டக்கலை ஆபீஸ்லயும் கேட்டுக்கங்கன்னும் சொல்லிட்டேன்.

அப்புறம் நடந்தது

ஹோஸ் எடுத்த அன்னைக்கி ராத்திரி லேஅவுட் கீழ்முனையில அளந்தப்ப செகண்டுக்கு 20 லிட்டருக்குக் கொஞ்சம் மேல வந்துச்சு. கடைமடை அக்கா வயலுக்கு அந்த முறையில தண்ணி நெறைஞ்சு வரப்பு தொட்டுச்சு. ஆனா எல்லாத்தையும் காப்பாத்த முடியல. மேட்டு மூலையில அரை ஏக்கர் கிட்ட ஏற்கெனவே காஞ்சுட்டதால அறுப்புல பதராத்தான் வந்துச்சு, மீதி தேறிடுச்சு. வீட்டுக்காரங்க நஷ்டத்துக்குப் பணம் தரணும்னு சிலர் சொன்னாங்க, அந்தக் காய்ஞ்சதுல எவ்ளோ ஹோஸால, எவ்ளோ வேற காரணத்தாலன்னு பிரிக்க முடியாதுன்னு அது அப்டியே நின்னுடுச்சு. அந்த அக்காவுக்கு இது இன்னும் ஆறல, அது எனக்குத் தெரியும்.

கிணறு தூர் வாரறதுக்கு வீட்டுக்காரங்களே பணம் போட்டாங்க. தூர் வாரி முடியற வரைக்கும் பாத்திரம் கழுவற தண்ணி, துணி அலசற கடைசித் தண்ணி, கூடவே காஞ்ச இலையையும் தேங்கா மட்டையையும் செடி அடியில பரப்புனது, இதுல ஓட்டிட்டாங்க. ரெண்டு வீட்ல கீரைப் பாத்தி காஞ்சு போச்சு, தென்னை மாங்கன்னுக்கு ஒண்ணும் ஆகல. அப்புறம் கிணத்துல ஒரே ஒரு ஒன்றரை ஹெச்.பி. மோட்டார், ஆர்.சி.சி.பி. போட்ட போர்டு, பூங்கா மூலையில 5,000 லிட்டர் டேங்க், நாளைக்கு மூணு தடவை ரொப்பறது, அங்கிருந்து வீட்டுக்கு வீடு பைப்பு. கிணத்துத் தண்ணி ஈ.சி. 1.3, போர் அளவுக்கு மோசம் இல்ல. 15,000 லிட்டர் எடுத்தா கிணறு நாலடி இறங்குது, வாய்க்கா ஓடற காலத்துல விடியறதுக்குள்ள ஏறிடுது. மே மாசம் வாய்க்கா நின்ன பிறகு ஏற ரெண்டு நாள் ஆச்சு, அதனால ஒருநாள் விட்டு ஒருநாள் முறை வெச்சுக்கிட்டாங்க. டீச்சரம்மா வீட்டு அவரை, தண்ணி கொறைஞ்ச பிறகு மஞ்சள் மாறி நல்லாவே காய்ச்சுது. காலி பிளாட்டுல கோரை காஞ்சுடுச்சு.

எல்லாரும் கேட்டுட்டாங்கன்னு சொல்ல முடியாது. ரெண்டு வாரத்துல ரெண்டு ஹோஸ் மறுபடி ராத்திரியில இறங்கிச்சு. சங்கத்துக்காரங்க சத்தம் போடல, காலையில ஹோஸ சுருட்டி அந்தந்த வீட்டு வாசல்லயே வெச்சிட்டு வந்தாங்க. ஒரு வீடு நிறுத்திடுச்சு. இன்னொண்ணுக்கு பாசனப் பிரிவுல இருந்து நோட்டீஸ் வந்த பிறகுதான் நின்னுச்சு. கரைக்குள்ள இருந்த பைப்பு எல்லாம் போகம் முடிஞ்சு எடுத்தாச்சு, ஒரு எடத்துல மட்டும் சிமெண்ட் பூச்சு மறுபடி வெடிச்சிருக்கு, அது இன்னும் சரி பண்ணல.

மறுபடி இப்டி ஒரு எடத்துல செய்யறதா இருந்தா

அளக்கறது போகத்தோட மொத முறையிலயே நடக்கணும், கதிர் வாங்கற வரைக்கும் போகக் கூடாது. எலுமிச்சம்பழம், டேப், போன் மூணும் இருந்தா அரை மணி நேர வேலை. பகல் ஒருதடவை, நடு ராத்திரி ஒருதடவை கட்டாயம் பாக்கணும், ரெண்டுக்கும் வித்தியாசம்தான் மோட்டாரையும் ஹோஸையும் பிரிச்சுக் காட்டுச்சு.

வாய்க்கா ஓரத்துல மனை வாங்கறவங்ககிட்ட விக்கறப்பவே இந்த வாய்க்காவுல உங்களுக்குப் பங்கு இல்லன்னு சொல்லிடணும், முடிஞ்சா கிரயத்துலயே ஒரு வரி எழுதணும். நல்ல மனுஷங்க பாதிப் பேரு தெரியாமத்தான் எடுத்தாங்க. பிளாட் போடறப்ப பழைய கிணத்த மூட விடக் கூடாது, இந்தக் கிணறு மட்டும் மூடியிருந்தா வீட்டுக்காரங்களுக்குக் குடுக்க எங்ககிட்ட ஒண்ணுமே இருந்திருக்காது.

மழைத்தண்ணிய நாங்க இந்தத் தடவை தொடவே இல்ல, மார்ச்ல பேசி பிரயோஜனம் இல்லன்னு விட்டுட்டோம். கிருஷ்ணகிரியில வருஷத்துக்கு 800 மில்லிமீட்டருக்கு மேல மழை, 1,000 சதுர அடி மாடியில இருந்து வீணானது போக 60,000 லிட்டர் கிட்ட தேறும். மாடிக்கு மழைநீர் சேகரிப்பு 2003லயே கட்டாயம் ஆக்குனது, பைப்பு எல்லா வீட்லயும் இருக்கு, பாதி வீட்ல அது தெருவுலதான் முடியுது. இருபது வீட்டுப் பைப்பையும் அந்தக் கிணத்துக்குத் திருப்பி, நடுவுல ஜல்லி மணல் வடிகட்டி குழி ஒண்ணு போட்டா மே மாசத் தட்டுப்பாடு கொறையும். ஐப்பசி மழைக்கு முன்னாடி மேட்டுப் பக்கத்து ஒம்பது வீட்டுக்குப் பைப்பு போட எஸ்டிமேட் குடுத்திருக்கேன், அஞ்சு வீடு முன்பணம் குடுத்தாச்சு.